பின்சீட்டின் பாடு: திருமண நாள் பைக் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெங்களூரிலிருந்து. திருமண நாளுக்கு இருவர் மட்டும், காரோ பஸ்ஸோ இல்லாமல் பைக்கில் மலைக்குப் போக வேண்டும் என்கிற ஆசை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஓட்டுபவர்கள், வலி பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு. பதில்களை அந்தப் பின்சீட்டை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: பத்தாவது திருமண நாளுக்கு ஊட்டி போகலாம் என்றிருக்கிறோம். 150 சிசி பைக். போன முறை சிக்மகளூர் போனபோது, ஹாசன் தாண்டுவதற்குள் மனைவிக்கு வால் எலும்பில் கடுமையான வலி. திரும்பும்போது பஸ் ஏறிவிட்டாள். எனக்கோ ஒன்றுமே தெரியவில்லை. நல்ல சீட் கவர் போட்டால் சரியாகிவிடுமா? (கம்மனஹள்ளி வாசகர்)

பதில்: ஆகாது. கவர் கடைசி வேலை. அதற்கு முன் அதிகச் செலவில்லாத வேலைகள் மூன்று இருக்கின்றன.

உங்களுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை? நீங்கள் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஹம்ப் (வேகத்தடை) வருவது கண்ணுக்குத் தெரிகிறது. கையை ஹேண்டிலிலும் காலை ஃபுட்ரெஸ்டிலும் ஊன்றி உடம்பை லேசாகத் தூக்கிக்கொள்கிறீர்கள். உங்கள் மனைவி ஏறக்குறைய பின்சக்கர அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிவது உங்கள் ஹெல்மெட் மட்டும். அதே குழியின் அடி அவருக்கு முழுதாக, முன்னறிவிப்பு இல்லாமல் முதுகுத்தண்டில் ஏறுகிறது.

முதலில் காற்று. செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஒருவர் போனால் இவ்வளவு, இருவர் போனால் இவ்வளவு என்று பின்சக்கரத்துக்குத் தனித்தனி அளவு இருக்கும். பின்சீட்டுக்கு வலிக்கிறதே என்று அதற்கும் குறைவாகக் காற்று வைப்பவர்கள் உண்டு. இருவரும் மூட்டையும் ஏறினால் டயரின் பக்கச்சுவர் மடங்கிச் சூடாகும், வளைவில் வண்டி நெளியும், குழியில் ரிம் அடிவாங்கும். அதிகமாக அடித்தாலோ சின்னக் கல்லும் சீட்டுக்குத் தெரியும். ஸ்டிக்கர் சொல்வதை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். பங்க் மீட்டர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து பின் ஷாக். முக்கால்வாசி வண்டிகள், ஸ்ப்ரிங்கை முன்கூட்டி இறுக்கிவைக்கும் பிரீலோடு கம்பெனி வைத்த படியிலேயே இருக்க, ஆயுள் முழுக்க ஓடுகின்றன. 'இறுக்கினால் சீட் கல்லாகிவிடும்' என்று பயந்து அதைத் தொடுவதில்லை. நடப்பது வேறு. பிரீலோடைக் கூட்டுவதால் ஸ்ப்ரிங்கின் குணம் மாறுவதில்லை, சுமை ஏறியபின் வண்டியின் உயரம்தான் மீள்கிறது. இருவர் ஏறியதுமே ஷாக் பாதிக்கு மேல் அமுங்கிவிட்டால், ஹம்ப்பில் இறங்க மீதி இடம் இருக்காது. அடிமட்டத்தில் போய் 'டங்' என்று முட்டும். வால் எலும்பில் விழும் அடி அதுதான். இரட்டை ஷாக் வண்டியில் டூல் கிட்டில் கொக்கி போன்ற ஸ்பேனர் இருக்கும். ஐந்து படியில் இரண்டில் இருந்தால் நான்குக்குக் கொண்டுபோங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். மோனோஷாக் (ஒற்றை ஷாக்) என்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க: வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் தரையைத் தொடாதபோது, அச்சிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளிவரை டேப்பால் அளந்து குறியுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, இருவரும் மூட்டையோடு ஏறி உட்கார, மூன்றாமவர் அளக்கட்டும். சக்கரத்தின் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கியிருந்தால் சரி. பாதி என்றால் இன்னொரு படி ஏற்றுங்கள். கடைசிப் படியிலும் பாதி அமுங்கினாலோ, ஷாக் தண்டில் எண்ணெய் கசிந்திருந்தாலோ, ஷாக் போய்விட்டது. எந்த சீட்டும் அதற்கு மருந்தாகாது. இன்னொன்று: பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே பார்க்கும். சுமையோடு இருக்கும்போதே அதையும் இறக்கிவிடுங்கள்.

மூன்றாவது, பின் ஃபுட்ரெஸ்ட். மனைவியை உட்காரவைத்துப் பக்கத்திலிருந்து பாருங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருக்கிறதா? இருந்தால் தொடை சீட்டைத் தொடாது, உடம்பின் எடை முழுவதும் பின்புறத்தில் ஒரு கையகல இடத்தில் இறங்கும். ஸ்போர்ட்ஸ் வடிவப் பைக்குகளின் சாபமே இது. சில மாடல்களுக்கு ஃபுட்ரெஸ்டைத் தாழ்த்தும் பிராக்கெட் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பின்சீட்டை 15 முதல் 20 மில்லிமீட்டர் உயர்த்தினாலும் பலன் உண்டு. ரப்பர் தேய்ந்த ஃபுட்ரெஸ்டை உடனே மாற்றுங்கள், அதிர்வு பாதம் வழியாகத்தான் ஏறும்.

இனி சீட். பெங்களூர் ஜே.சி. ரோட்டிலோ கலாசிபாளையத்திலோ சீட் கடையில் கொடுக்குமுன், முடிந்தால் இரண்டாவது சீட் ஒன்று வாங்கி அதை மாற்றச் சொல்லுங்கள். பழையது பத்திரமாக இருக்கட்டும். கடைக்காரர் மெத்தென்ற சோபா ஸ்பாஞ்சைக் காட்டுவார். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் சொர்க்கம். ஒரு மணி நேரத்தில் அது அப்பளமாக அமுங்கி அடித்தட்டில் உட்காரவைக்கும். அடியில் துண்டு ஃபோம்களை அழுத்தி ஒட்டிய, கெட்டியான ரீபாண்டட் ஃபோம், மேலே 15–20 மில்லிமீட்டர் மட்டும் மென்மையானது என்று கேளுங்கள். பின்சீட்டின் நடுவில், பின்கோடியில், வால் எலும்பு படும் இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டச் சொல்லுங்கள். உங்கள் மனைவிக்கு முக்கியமான வேலை இது. சீட் முன்பக்கமாகச் சரிந்தால் பிரேக் போடும்போதெல்லாம் அவர் உங்கள்மேல் வழுக்கி வருவார். சமதளமாக்குங்கள். வழவழ ரெக்சின் வேண்டாம், சொரசொரப்பானது போதும். தையல் உட்காரும் எலும்பின்கீழ் வரக்கூடாது. ஃபோமுக்கும் கவருக்கும் நடுவில் பாலித்தீன் ஷீட் வைக்காவிட்டால் தையல் வழியாக மழை இறங்கி ஃபோம் இரண்டு நாள் ஈரமாகவே இருக்கும்.

இதையெல்லாம் செய்ய மனமில்லை என்றால் காற்றடைத்த குஷன் வாங்கிப் போடலாம். பாதிக் காற்றுதான் வைக்க வேண்டும். உட்கார்ந்தபின் அடிசீட்டுக்கும் உடம்புக்கும் ஒரு விரல் இடைவெளி இருந்தால் போதும். முழுக்க ஊதினால் வளைவில் பந்தின்மேல் உட்கார்ந்த மாதிரி உருளும்.

கேள்வி: மைசூரு எக்ஸ்பிரஸ்வேயில் பைக் விடுவதில்லையாமே? ஊட்டிக்கு எப்படித்தான் போவது? காலை 6 மணிக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட முடியுமா? (ராமமூர்த்தி நகர் வாசகர்)

பதில்: 2023 ஆகஸ்ட் 1 முதல் அதன் நடுப்பாதையில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். பிடதி, ராமநகரா, சென்னப்பட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணா என்று கார்கள் ஒதுங்கிப் பறக்கும் ஊர்களெல்லாம் உங்களுக்கு ஊருக்குள்ளேயே வரும். ஹம்ப், எதிர்த்திசையில் வரும் டிராக்டர், திடீரென முடிந்து வேறு பக்கம் திரும்பும் ரோடு எல்லாம் உண்டு. மைசூரு வரை இரண்டு மணி நேரம் என்ற கார்க் கணக்கை மறந்துவிடுங்கள். நிறுத்தங்களோடு நான்கு மணி நேரம் வையுங்கள்.

மாற்றுவழி கனகபுரா ரோடு. கனகபுரா, மளவள்ளி போய், பன்னூர் வழியாக மைசூரு சேரலாம். மைசூருக்கே போகாமல் மளவள்ளி, கொள்ளேகால், சாம்ராஜ்நகர் வழியாக குண்ட்லுப்பேட்டையும் பிடிக்கலாம். பின்சீட்டுக்குக் கனகபுரா வழி தேவலை என்பது எங்கள் கட்சி. ஊர் நெரிசலில் கிளட்ச்சும் பிரேக்குமாகக் குலுங்குவது குறையும். ஆனால் உட்கார்ந்து சாப்பிட இடம் மைசூரு வழியில்தான் அதிகம். பிடதி தட்டே இட்லியையும் மத்தூர் வடையையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

மதியச் சாப்பாடு ஊட்டியில் கிடைக்காது. எந்த வழியானாலும் சுமார் 280 கிலோமீட்டர். 50 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, சாப்பாடும் சேர்த்தால் ஒன்பது மணி நேரம் ஆகும். பந்திப்பூர், முதுமலைக் காட்டு ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அந்த நேரத்தை நெருங்கிப் போய் முடுக்குவதைவிட, மாலை 3 மணிக்குள் குண்ட்லுப்பேட்டையைத் தாண்டிவிடுங்கள். காட்டுக்குள் படமெடுக்கக்கூட வண்டியை நிறுத்தக் கூடாது. யானை ரோட்டில் நின்றால் தூரத்திலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், முடிந்தால் ஒரு பஸ்ஸுக்கோ லாரிக்கோ பின்னால் காத்திருங்கள். குண்ட்லுப்பேட்டையிலேயே டேங்கையும் நிரப்பி, கழிப்பறைக்கும் போய்வந்துவிடுவது உத்தமம்.

எல்லையில் கக்கநல்லா சோதனைச் சாவடி. நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. ஆன்லைனில் முன்பே எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிடுவார்கள், ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள்.

தெப்பக்காட்டில் வழி பிரியும். மசினகுடி, கல்லட்டி வழி குறுக்கு. ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான ஏற்றம். இருவரும் மூட்டையுமாக 150 சிசி வண்டி அங்கே முதல் கியரில் முனகும். வேகம் செத்துப்போய் வளைவின் நடுவில் நின்றால், பின்னால் ஆள் இருக்கும்போது காலூன்றிச் சமாளிப்பது கடினம். கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழி சுமார் 30 கிலோமீட்டர் கூடுதல். அதிலேயே போங்கள். திரும்பும்போது கேள்வியே இல்லை. கல்லட்டியில் வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை.

ஒரே நாளில் ஊட்டி தொட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முதல் இரவு மைசூருவில் தங்கலாம். ஞாயிறாக இருந்தால் இரவு 7 மணிக்கு அரண்மனை விளக்கும் பார்த்துவிடலாம்.

கேள்வி: நான் பின்னால் உட்காருபவள். அவர் பிரேக் போட்டால் என் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் முட்டுகிறது. கம்பியைப் பிடித்தால் தோள் வலி, அவரைப் பிடித்தால் அவருக்குக் கோபம். ஒரு பக்கமாகவே உட்கார்ந்து பழகிவிட்டேன். தண்ணீர் குடித்தால் கழிப்பறை தேட வேண்டுமே என்று குடிப்பதுமில்லை. என்னதான் செய்வது? (அல்சூர் வாசகி)

பதில்: ஒரு பக்கமாக உட்காருவதை நெடுந்தூரத்துக்கு விட்டுவிடுங்கள். இடுப்பு முறுக்கியபடியே மணிக்கணக்கில் இருப்பதால் முதுகின் ஒரு பக்கத் தசை பிடித்துக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்கிற பக்கம் உங்களால் சாயவும் முடியாது. புடவையும் தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம். பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. ஸ்டைலுக்காக அதைக் கழற்றிய வண்டியென்றால், திரும்ப மாட்டியபின் ஏறுங்கள்.

கையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று பின்கம்பியில், ஒன்று அவர் இடுப்பு பெல்ட்டில். இரண்டும் சேர்ந்து நீங்கள் முன்னாலோ பின்னாலோ சரியாமல் காக்கும். அரை மணிக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். பிரேக்கின்போது கையால் தாங்குவதைவிட, முழங்கால்களால் அவர் இடுப்பைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிப்பது உறுதியானது. தோள் வலியும் குறையும். அவர் பங்கும் இருக்கிறது. பிரேக்கைப் படிப்படியாகப் பிடிக்க வேண்டும், கிளட்ச்சைப் படக்கென்று விடக்கூடாது. ஹம்ப் வரும்போது இடது முழங்கையை லேசாக அசைத்தால் நீங்கள் ஃபுட்ரெஸ்டில் ஊன்றி எழும்பிக்கொள்ளலாம். இந்தச் சைகை ஒன்றே பாதி வலியைக் குறைக்கும். உங்கள் பக்கத்துக்கு: தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து. ஏன் எதற்கு என்று கேட்காமல் நிறுத்துவதாக அவர் ஒப்புக்கொள்ளட்டும்.

ஹெல்மெட் ஐஎஸ்ஐ முத்திரையோடு முகம் மூடியதாக இருக்கட்டும். எடை 1.2 முதல் 1.5 கிலோவுக்குள் இருந்தால் கழுத்து பிழைக்கும். தலையில் லூசாக ஆடும் ஹெல்மெட் காற்றில் இழுத்து, அதுவே கழுத்து வலி தரும். கன்னத்தை அழுத்திப் பிடிக்கும் அளவே சரியான அளவு. மெல்லிய ஃபோம் காதடைப்பான் போட்டால் காற்றிரைச்சலால் வரும் தலைவலி குறையும்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது தவறான சிக்கனம். வெயிலும் காற்றும் உடம்பை உலர்த்தித் தலைவலியும் தசைப்பிடிப்பும் வரும். ஒரேயடியாக அரை லிட்டர் வேண்டாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு டம்ளர், இரண்டில் ஒருமுறை உப்புச்சர்க்கரைக் கரைசல். நிறுத்தங்களைக் காபிக்காக அல்லாமல் கழிப்பறைக்காகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பெரிய பங்குகளும் குடும்பங்கள் வந்து சாப்பிடும் ஹோட்டல்களும் பரவாயில்லை. வாந்திக்கான மாத்திரைகளில் பல தூக்கம் வரவைக்கும், பின்சீட்டில் அது ஆபத்து. இறங்கி அரை மணி கழித்தும் கால் மரத்தே இருந்தால் அன்றைக்குப் பயணம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு, மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மூன்று நாளுக்கான துணி, கேமரா, அவளுக்கு ஒரு பட்டுப்புடவை. பெரிய முதுகுப்பையில் போட்டு அவள் மாட்டிக்கொண்டால் போதுமல்லவா? (எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

பதில்: அந்தப் பையை நீங்களே ஒரு மணி நேரம் மாட்டிப் பாருங்கள். எட்டுக் கிலோ தோளில் தொங்கினால் அது முழுவதும் சீட் வழியாக வால் எலும்பில்தான் இறங்கும்.

வண்டியின் இருபக்கமும் தொங்கும் சேடில் பேக் வாங்குங்கள். இரண்டிலும் எடை சமமாக, கனமானது அடியில். சைலன்ஸர் பக்கப் பை அதிலிருந்து நான்கு விரலாவது விலகியிருக்க வேண்டும். இல்லையென்றால் மண்டியா வருவதற்குள் நைலான் உருகி, பட்டுப்புடவைக்கும் ஓட்டை. பின்கோடியில் டாப் பாக்ஸ் மாட்டினால் கனமானதை அதில் வைக்காதீர்கள். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் எடை கூடக்கூட முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். மேனுவலில் உள்ள அதிகபட்ச மொத்த எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழித்துப் பாருங்கள். 300இல் 150 போனால் மிச்சம் 150 கிலோ. அதில் இருவர், ஹெல்மெட், பை எல்லாம் அடங்க வேண்டும். உங்கள் இருவருக்கே 140 ஆகிவிட்டால் துணியை முன்கூட்டியே கூரியரில் தங்குமிடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: 110 சிசி ஸ்கூட்டரில் இருவர் ஏற்காடு போகலாமா? (ஸ்ரீராம்புரம் வாசகர்)

பதில்: போகலாம். பின்சீட்டுக்கு ஸ்கூட்டர் பல பைக்குகளைவிட அகலம். சின்னச் சக்கரம் குழியில் ஆழமாக இறங்கும் என்பதுதான் குறை. ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகச் சேலம் போகும்போது தொப்பூர் இறக்கத்தில் இடது ஓரமாகவே போங்கள். பிரேக் சூடாகிக் கட்டுப்பாடு இழக்கும் லாரிகளுக்குப் பேர்போன இடம் அது.

ஏற்காடு ஏற்றத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். டிரைவ் பெல்ட் மேனுவல் சொன்ன கிலோமீட்டரை நெருங்கியிருந்தால் முன்பே மாற்றிவிடுங்கள். கவனம் இறக்கத்தில் வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க விட்டு வேகம் குறைந்ததும் ஸ்கூட்டரின் கிளட்ச் தானாக விடுபட்டு, இன்ஜின் பிடிமானம் இல்லாமல் வண்டி உருளும். சுமை முழுவதும் டிரம் பிரேக்கில். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி இறங்காமல், இரண்டையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஆறேழு வளைவுக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஆறவிடுங்கள். லீவர் வழக்கத்தைவிட ஹேண்டிலுக்கு அருகே வந்தாலோ கருகிய வாடை வந்தாலோ உடனே நிறுத்த வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கும் ஆசாமிகளைப் பின்பற்றவே வேண்டாம்.

கேள்வி: ஜூலையில்தான் எங்கள் திருமண நாள். மடிகேரி. மழைக்கு என்ன வாங்கலாம்? (விவேக் நகர் வாசகி)

பதில்: போர்வை மாதிரி மேலே போட்டுக்கொள்ளும் போஞ்சோவைத் தவிர எதை வேண்டுமானாலும். அது காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும். சட்டை, பேன்ட் தனித்தனியாக உள்ள ரெயின்கோட், ஷூவுக்கு உறை, ஆளுக்கு இரண்டு ஜோடி சாக்ஸ். ஈரச் சீட்டில் ஈரத்துணியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்தால் தொடை உரசிப் புண்ணாகும். பருத்தி ஜீன்ஸ் நனைந்தால் காயவே காயாது, விட்டுவிடுங்கள். மைசூரு சர்வீஸ் ரோட்டைத் தவிர்க்க நெலமங்கலா, குணிகல், சென்னராயப்பட்டணா, ஹொளேநரசிபுரா, அரகலகூடு வழியாகக் குஷால்நகர் பிடிக்கலாம்.

கேள்வி: மனைவியிடம் சொல்லாமல் சர்ப்ரைஸாகக் கூட்டிப்போக நினைக்கிறேன். அவளுக்கு டிஸ்க் பிரச்சினை கொஞ்சம் உண்டு. குஷன் போட்டால் சமாளிக்கலாமா? (கே.ஆர்.புரம் வாசகர்)

பதில்: வேண்டாம். டிஸ்க் விலகியிருப்பவருக்கு ஹம்ப் அடி என்ன செய்யும் என்று குஷன் விற்பவர் சொல்லமாட்டார். மருத்துவர் சம்மதிக்காமல் பத்துக் கிலோமீட்டரும் கூட்டிப்போகாதீர்கள். சம்மதித்தாலும் முதலில் குணிகல் வரை ஒரு ஞாயிறு போய்வந்து, மறுநாள் காலை அவர் எப்படி எழுந்திருக்கிறார் என்று பாருங்கள். வலி பெரும்பாலும் அடுத்த நாள்தான் கணக்குக் கேட்கும்.

பைக் ஆசை உங்களுடையது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அவர் ரயிலில் மைசூரு வரட்டும், இரண்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். நீங்கள் விடியற்காலையில் தனியாக வண்டியில் கிளம்பி ஸ்டேஷனில் காத்திருங்கள். மைசூருவுக்குள் சமதள ரோட்டில் குறைந்த வேகத்தில் சுற்றலாமா என்பதையும் அதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். வண்டியையும் ரயில் பார்சலில் போட்டுவிடலாமே என்று சிலர் யோசிப்பார்கள். டேங்கை முழுக்கக் காலிசெய்து, சாக்கு சுற்றி, ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கொடுத்துப் பதிவுசெய்ய வேண்டும். இறக்கியபின் பங்க் வரை தள்ளிக்கொண்டும் போக வேண்டும், பாட்டிலில் பெட்ரோல் தரப் பல பங்குகளில் மறுப்பார்கள். டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ என்றால் சரி. மைசூருக்கு அது வீண் வேலை, ஓட்டிக்கொண்டே போய்விடுங்கள்.